சம்பளம் கம்மி, வேட்டை ஆசை நிறைய: வடஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு கேள்வி பதில்

பழைய வடஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகக் கிடக்கிறது. நான்கிலும் ஷூ கம்பெனியிலோ மெக்கானிக் ஷெட்டிலோ கடையிலோ மாதம் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் "எங்கயாவது வேட்டைக்குப் போலாமா?" என்று கேட்கிற பையன்கள் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் இவை. பாதி கேள்விகள் துப்பாக்கியில் தொடங்கும். எல்லாமே கடைசியில் ஏரிக்கரையில்தான் வந்து நிற்கும்.

வேட்டைக்குப் போக எவ்வளவு செலவாகும்?

வக்கீல் ஃபீஸையும் சேர்த்தா, சேர்க்காமலா? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கிக்கொண்டு சில விலங்குகளை வேட்டையாட வழி இருந்தது. 1991இல் வந்த திருத்தத்தோடு அந்த வழியும் மூடப்பட்டது. இன்று இந்தியாவில் பொழுதுபோக்குக்காகக் காட்டு விலங்கை வேட்டையாட யாருக்கும் உரிமம் கிடையாது. பணக்காரனுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமத்துவம்.

2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் ஏறிவிட்டது. பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிராக இருந்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மயிலும் உடும்பும் அந்த அட்டவணையில்தான் இருக்கின்றன. போன வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். தவணை கட்டி முடிக்காத பைக்கை இதற்குப் பணயம் வைப்பவனை என்ன சொல்வது?

முயல், கவுதாரி, காடை கூடவா? சின்ன உயிர்தானே?

சின்ன உயிரும் அதே சட்டத்துக்குள்தான். வேட்டை என்றால் சுடுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். கண்ணி வைப்பது, வலை கட்டுவது, நாய் விட்டுத் துரத்துவது, இரை வைத்து இழுப்பது, விஷம் வைப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முயற்சி செய்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் வேட்டைதான். பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைத்தாலும் அப்படித்தான். காடைக்கறிதான் வேண்டுமென்றால், பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை கடையில் கிடைக்கிறது.

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாமே?

பாதி உண்மை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். நிலத்துக்காரரும் இல்லை, அவருடைய மச்சானும் இல்லை. அவுட்டுக்காய் என்கிற நாட்டுவெடியை இரையில் வைப்பதும் வேலியில் கரண்ட் விடுவதும் மனிதரையே கொன்றுவிடுகிற வேலை. அதைப் பற்றிக் கேட்பவரோடு நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லையே, அது?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேல் போகாமலும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கிற ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம். வாங்கும்போது அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆனால் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கைச் சுட உரிமம் வந்துவிடாது. ஏர் கன்னால் பறவையைச் சுட்டாலும் அதே சட்டம், அதே வழக்கு.

குறி வைப்பதுதான் பிடிக்கும் என்றால் காகித இலக்கைச் சுடுங்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக் போட்டி. உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். மானம் மரியாதையான விளையாட்டு. ஆனால் கிளப் கட்டணம், குண்டு, போக்குவரத்து என்று செலவு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நம் சம்பளத்துக்கு அது இரண்டாவது யோசனை.

அப்போ மிச்சம் என்னதான் இருக்கு?

தூண்டில்.

உடனே முகம் சுருங்கும். "அது கெழவனுங்க வேலை அண்ணா" என்பார்கள். ஒரு விரால் மீன் தூண்டில் முள்ளைக் கவ்விக்கொண்டு தாமரைத் தண்டுக்குள் பாய்கிறபோது கழியைப் பிடித்துப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். வேட்டையில் எது ருசி? தடம் பார்ப்பது, காத்திருப்பது, உயிரின் குணத்தைப் படிப்பது, கடைசி நொடியில் பதறாமல் இருப்பது. இத்தனையும் ஏரிக்கரையில் இருக்கிறது. கூடவே, பிடித்ததை உயிரோடு திருப்பி விடும் வசதியும் இருக்கிறது. துப்பாக்கியில் அது முடியாது.

ஆரம்பிக்க எவ்வளவு பணம் வேண்டும்?

கழி, நரம்பு (நைலான் தூண்டில் நூல்), முள், தக்கை, ஈயம் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிக்கலாம். நிஜமாகவே. மூங்கில் மண்டியில் நுனி மெலிந்து வளையும் கழியாகப் பார்த்து எடுங்கள். பத்தடி, பன்னிரண்டு அடி இருந்தால் போதும். பச்சையாக இருந்தால் சில வாரம் நிழலில், படுக்கை வாட்டத்தில் வைத்துக் காயவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்துக்கொள்ளலாம். ஈயக்குண்டு இல்லையென்றால் சைக்கிள் நட்டு ஒன்றைக் கட்டினாலும் முள் கீழே போகும். ஈயம் நஞ்சு என்பதால் நட்டே மேல் என்பேன்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இரண்டு: முள்ளும் நரம்பும். மீனைத் தொடுவது அவை இரண்டுதான். நான்காயிரம் ரூபாய்க் கழி வாங்கி, அதில் பெட்டிக்கடை முள்ளைக் கட்டி, பெரிய மீன் வந்த அன்று முள் நிமிர்ந்து போனதைப் பார்த்து நிற்பவர்களை எந்தக் கரையிலும் பார்க்கலாம். நல்ல முள் பாக்கெட் ஒன்று ஐம்பது, அறுபது ரூபாய். கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கல், கீறினால் கூர்மை. முள்ளின் நம்பர் ஏற ஏற அளவு சின்னதாகும், இது புதிதாக வருபவரைக் குழப்பும். ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) 8, 10 நம்பர் சரி. நரம்பு 0.25 மில்லிமீட்டர் போதும். விராலுக்கு 0.40க்குக் குறையாமல் போங்கள்.

முடிச்சைப் பழகுங்கள், அது இலவசம். நரம்பை முள் வளையத்தில் நுழைத்து, தன் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, நுனியை வளையத்தை ஒட்டிய கண்ணில் விட்டு, எச்சில் தடவி மெதுவாக இறுக்க வேண்டும். எச்சில் தடவாமல் இறுக்கினால் உராய்ந்து சூடேறி நரம்பு வலுவிழக்கும்.

ரீல் வைத்த கழி எப்போது வாங்கலாம்?

மூங்கில் கழியில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போய், அதற்குப் பிறகும் ஆசை அடங்காமல் இருந்தால். அதற்கு முன் வாங்கினால் அது பரணுக்குத்தான். ரீலும் கழியும் சேர்ந்த செட் சுமார் ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் கிடைக்கும். ஆறடி, ஏழடிக் கண்ணாடியிழைக் கழி எடுங்கள். கார்பன் கழி லேசாக இருக்கும், ஆனால் விலை அதிகம், இடறி விழுந்தால் உடையும். இன்னொன்றும் உண்டு: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயல் ஓரம் தாழத் தொங்கும் கரண்ட் கம்பி நம் பக்கத்தில் நிறைய. எந்தக் கழியானாலும் கம்பிக்குக் கீழே உயர்த்திப் பிடித்து நடக்காதீர்கள்.

செட்டோடு சுற்றி வரும் நரம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது நரம்பு போடுங்கள். ரீலுக்கு மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. நரம்பை வெயில் படாத இடத்தில் வையுங்கள், பைக் பக்கவாட்டில் கட்டிவைத்தே காலம் தள்ளினால் ஒரு கோடைக்குள் பொடிந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம். ஆர்வத்தில் வாங்கி, நாலு ஞாயிறு போய், கல்யாணமானதும் விற்கிறவர்கள் ஏராளம். ரீலைச் சுற்றிப் பார்த்து, கரகரவென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள்.

இரைக்கு என்ன செலவு?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், வாழை மரத்தடியில் மண்புழு இருக்கும். ஜிலேபிக்கு அதுவே போதும், பழைய சோற்றை மைதாவோடு பிசைந்த உருண்டையும் எடுக்கும். கட்லா, ரோகு போன்ற வளர்ப்புக் கெண்டைகள் தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்று வளர்ந்தவை. ஊறவைத்த புண்ணாக்கைக் கோதுமை மாவில் பிசைந்து, கொஞ்சம் வெல்லம் சேர்த்தால் வாசனைக்கு வந்துவிடும். உருண்டை தண்ணீரில் உடனே கரையக் கூடாது, கல்லாகவும் கிடக்கக் கூடாது. சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கம்.

விராலுக்கு உயிர்த் தவளையை முள்ளில் கோர்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் தவளை கிடைக்கிறது. கொடிகளுக்கு மேல் அதைத் தத்தித் தத்தி இழுத்தால் விரால் எகிறி அடிக்கும். முள் தவளையின் முதுகோடு ஒட்டி மறைந்திருப்பதால் புல்லில் மாட்டாது. ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

எந்த மீனில் தொடங்குவது?

ஜிலேபி. எல்லா ஏரியிலும் இருக்கும், எதையும் தின்னும், பகலிலும் கடிக்கும். தக்கை ஆடும் விதத்தைக் கற்றுக்கொடுப்பது அதுதான். பொடி மீன் கொத்தினால் தக்கை துடிக்கும். ஜிலேபி கொஞ்சம் இழுத்து நிறுத்தும். கெண்டை எடுத்தால் தக்கை ஒரு பக்கமாக நிதானமாகப் போகும், அப்போது வெட்டி இழுக்க வேண்டும்.

பிறகு ஆழத்தைப் படிக்கலாம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுமட்டம், மிருகால் அடித்தரை. ஒரே இடத்தில் உட்கார்ந்து தக்கையை நரம்பில் ஏற்றி இறக்கினாலே வெவ்வேறு மீனைத் தேடலாம். விராலுக்கு வேறு குறிப்பு: அது காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன். கொடிகளுக்கு இடையே 'ப்ளக்' என்று ஒரு சத்தமும் வட்டமும் எழுந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து வட்டமிட்டு நெருங்குவதுதான் நிஜமான வேட்டை.

ஒரு வேண்டுகோள். சிவப்பு நிறத்தில் பொடிக்குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு மேலே வந்து போவதைக் கண்டால் அங்கே தவளையை எறியாதீர்கள். கீழே தாய் தகப்பன் விரால்கள் காவலுக்கு இருக்கும், கோபத்தில் எதையும் அடிக்கும், சுலபமாகச் சிக்கும். அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

ஏரி பொதுச் சொத்துதானே, யாரிடம் கேட்க வேண்டும்?

ஏரி பொதுச் சொத்து. அதில் உள்ள மீன் பெரும்பாலும் அப்படி இல்லை. மீன்பாசி ஏலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏரியை வைத்திருக்கும் துறையைப் பொறுத்து, மீன்வளத்துறை வழியாகவோ ஊராட்சி, ஒன்றியம் வழியாகவோ மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவர் கைக்காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவருக்குத் தெரியாமல் தூண்டில் போட்டால் அது திருட்டுதான். "ஏரி உங்க அப்பன் வீட்டுதா" என்று கேட்கிற வீரம் தூண்டில்காரனுக்கு ஆகாது.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் தூண்டில் இல்லாமல் போங்கள். கரையில் காவலுக்கு இருப்பவரிடம் குத்தகை யாருடையது என்று விசாரியுங்கள். பிறகு அவரிடமே, "அண்ணா, வலையெல்லாம் இல்ல, ஒரே ஒரு தூண்டில்தான். ஜிலேபி மட்டும் எடுத்துக்கிறேன், கெண்டை வந்தா விட்டுடறேன்" என்று சொல்லுங்கள். பலர் சரி என்றுதான் சொல்வார்கள். ஜிலேபி தானாகப் பெருகி, விட்ட மீனின் தீனியைத் தின்கிற மீன், அது குறைந்தால் அவருக்கும் நல்லதே. சிலர் நாளைக்கு ஐம்பது, நூறு கேட்பார்கள். கொடுங்கள். சிலர் முடியாது என்பார்கள், கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு அவரைப் பார்த்து வந்தீர்கள் என்றால், அது நீங்கள் போடும் முதலீட்டிலேயே சிறந்தது.

எந்த ஏரிக்குப் போகலாம்?

பெரிசு என்றால் காவேரிப்பாக்கம். வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து அதற்குத் தண்ணீர் போகிறது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். ஆனால் பெரிய ஏரியில் மீன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. புதியவருக்குச் சின்ன ஏரிதான் நல்லது. உங்கள் ஊர் ஏரி, அடுத்த ஊர் ஏரி. மதகை ஒட்டிய ஆழம், கலங்கலுக்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) முன் உள்ள தேக்கம், ஓடை வந்து விழும் வாய், இந்த மூன்று இடத்தையும் பார்த்தால் ஏரியில் பாதியைப் பார்த்த மாதிரி.

குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை அழகான இடம். ஆனால் சுற்றிலும் காடு, ஆந்திரப் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். யானை நடமாட்டம் உள்ள பகுதி. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம், அதிலும் பொழுது சாய்ந்து அங்கே உட்கார்ந்திருப்பது புத்தியில்லாத வேலை. சாத்தனூர் அணைக்கு வேறு காரணத்துக்காகப் போகலாம், அங்கே மீன் வறுவல் நன்றாக இருக்கும். வேலூர்க் கோட்டை அகழியைப் பற்றி எப்போதும் யாராவது கேட்பார்கள். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். தூண்டிலோடு அங்கே போய் நிற்காதீர்கள். கோயில் குளமும் வேண்டாம்.

உண்மையில் எதில்தான் பணம் போகிறது?

பெட்ரோலில். கணக்குப் போடுங்கள். போகவர நாற்பது கிலோமீட்டர், லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிற பைக், லிட்டர் நூறு ரூபாய் சுமார். ஒரு தடவைக்கு எண்பது. வாரம் ஒருமுறை என்றால் வருஷத்துக்கு நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். வழியில் டீ, வடை, பரோட்டா தனி. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள ஏரிக்குச் சைக்கிளில் போகிறவனுக்கு இந்தச் செலவே இல்லை, அவன் வாரத்தில் மூன்று நாளும் போகலாம். மீன் பிடிக்கும் திறமை தூரத்தில் இல்லை, ஒரே தண்ணீரை அடிக்கடி பார்ப்பதில் இருக்கிறது. நாலு பேராகச் சேர்ந்து போனால் செலவு குறையும் என்பதும் உண்மைதான், ஆனால் நாலு பேர் சேர்ந்தால் பாட்டிலும் சேரும். அந்தச் செலவை நான் தூண்டில் கணக்கில் எழுதமாட்டேன்.

எந்த மாதம் நல்லது?

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் பெய்யும். ஏரி நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஏரி நிரம்பிக் கோடி போகும் நாட்களில் கலங்கலுக்குக் கீழே மீன் எதிரேறும், ஊரே கூடி நிற்கும். அந்தக் கூட்டத்தில் நிற்காதீர்கள். வேகத் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்க்கும். வெள்ளம் தணிந்து தண்ணீர் தெளிந்த பிறகு, தை, மாசி, பங்குனி மாதங்கள்தான் நிம்மதியான காலம்.

அக்னி நட்சத்திரத்தில் காலை ஒன்பதுக்கு மேல் உட்காரவே முடியாது. விடியும் முன் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள், அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். பல ஏரி அப்போது மாடு மேய்கிற நிலமாகிவிடும். அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. வற்றிய ஏரியில் நடந்து, எங்கே பள்ளம், எங்கே பாறை, எங்கே பழைய கிணறு என்று பார்த்து வையுங்கள். அடுத்த மழையில் மீன் அங்கேதான் நிற்கும். வண்டல் எடுத்த குழியும் மணல் எடுத்த குழியும் எங்கே என்று தெரிந்துவைத்தால் உயிரும் தப்பும். மேலே இடுப்பளவு தெரிகிற தண்ணீரில், அடுத்த அடியில் ஆள் முழுகிப் போகிற குழிகள் நம் பாலாற்றில் நிறைய.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் தோல் தொழில் பிழைப்பு கொடுத்தது. அதே தொழில்தான் தண்ணீரையும் கெடுத்தது. தோல் பதனிடுவதில் குரோமியம் உப்பு பயன்படுகிறது. இந்தக் கழிவு வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தின் பகுதியாக்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆகவே நுரை மிதக்கிற, நிறம் மாறிய, தொழிற்சாலை ஓடையோ நகரச் சாக்கடையோ வந்து விழுகிற தண்ணீரில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். கன உலோகம் சமைத்தால் போகாது. அங்கே பொழுதுபோக்குக்குப் பிடித்துத் திருப்பி விடலாம், நான் அதுகூடச் செய்வதில்லை. மழைத் தண்ணீர் மட்டும் வந்து நிறைகிற, மலையடிவாரத்து ஏரி மீனை நம்பிச் சாப்பிடலாம்.

கரண்ட் போட்டுப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கூடை நிறையுமே?

நிறையும். ஒருநாள் உங்களையும் சேர்த்துத் தூக்கும். வெடித் தோட்டா போடுவதும் விஷ மருந்து கலப்பதும் 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம், வெள்ளைக்காரன் காலத்துத் தடை.

கெளுத்தி முள் குத்தினால்? பாம்பு?

கெளுத்திக்கும் தேளிக்கும் பக்கத் துடுப்பில் முள் இருக்கிறது, அதில் நஞ்சும் உண்டு. குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். பொறுக்கிற அளவு வெந்நீரில் அரை மணி, முக்கால் மணி நேரம் கையை முக்கி வைத்தால் வலி தணியும். மரத்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் இன்னொரு கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உடைந்து உள்ளே நின்றால் டாக்டரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள்.

ஏரியில் நீந்துகிற பாம்பு பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு. கடிக்கும், ஆனால் விஷமில்லை. கரையில் சருகிலும் கல் இடுக்கிலும் கண்ணாடி விரியன் இருக்கலாம், பயப்பட வேண்டியது அதற்குத்தான். மூடிய செருப்பும் டார்ச்சும் கட்டாயம். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

முள்ளில் ஆமை மாட்டினால்?

மண்புழு போட்டால் சில சமயம் மாட்டும். ஏரியாமைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம். நரம்பைப் பிடித்துத் தூக்காமல் ஓட்டைப் பிடித்துத் தூக்கி, முள் தெரிந்தால் குறடால் எடுங்கள். விழுங்கியிருந்தால் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் வெட்டிவிட்டுத் தண்ணீரில் விடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு செத்துக் கிடப்பது இந்த நரம்பால்தான்.

வீட்டில் திட்டுகிறார்களே?

நியாயம். ஒரு வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளை நீங்கள் ஏரிக்கு எழுதிவைத்துவிட்டால் யார்தான் திட்டமாட்டார்கள்? விடியலில் போய் எட்டு மணிக்குள் திரும்பினால் நாள் மிச்சம் இருக்கும். மாதத்துக்கு இருநூறோ முந்நூறோ இவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லி ஒதுக்குங்கள், முள்ளோ பெட்ரோலோ குத்தகைக்காரர் டீயோ அதற்குள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், ஆனால் கலங்கல் பக்கமும் மதகுப் பக்கமும் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில். மனைவிக்கும் ஒரு கழி கொடுத்துப் பாருங்கள். பொறுமை அவர்களுக்கு ஏற்கனவே பழக்கம், உங்களைவிட அதிகம் பிடிப்பார்கள்.

அப்புறம், மீன் கொண்டுவந்தால் கழுவிக் கொடுப்பதும் உங்கள் வேலைதான். விராலின் வழவழப்பு போக உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, இல்லையென்றால் சாம்பலில் புரட்டி, கல்லில் உரசுங்கள்.

பிடித்த மீனை விற்றுச் செலவை ஈடு கட்டலாமா?

குத்தகைக்காரர் உங்களுக்கு விட்டது சாப்பாட்டுக்கு. விற்க ஆரம்பித்தால் அடுத்த வாரமே தெரிந்துவிடும், அந்த ஏரி உங்களுக்கு மூடிவிடும். வாங்கிச் சாப்பிடுவதுதான் எப்போதும் மலிவு, கணக்குப் பார்த்து லாபம் வரும் பொழுதுபோக்கு இது இல்லை. கூடுதலாகக் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மண்புழு தோண்டும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள்.